பதிலி ஆளின் முறை எப்போது வரும்?

மில்லில் வேலை பார்த்தவர்களுக்குப் "பதிலி" என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. காலையில் சங்கு ஊதும்போது கேட்டருகே வந்து நிற்க வேண்டும். நிரந்தர ஆள் வராவிட்டால்தான் உள்ளே கூப்பிடுவார்கள். அவர் வந்துவிட்டால், தூக்குச்சட்டியைத் திறக்காமலே வீடு திரும்ப வேண்டியதுதான். இத்தனைக்கும் பதிலி வேலை தெரியாதவர் அல்லர். நன்றாகத் தெரிந்தவர். ஆனால் முறை வரவில்லை.

2025 ஜூன் 25-ம் தேதி, நம் நேரப்படி பகல் 12 மணி 1 நிமிஷத்துக்கு, அமெரிக்காவில் புளோரிடாவிலுள்ள கென்னடி விண்வெளித் தளத்திலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. அதன் தலையில் இருந்த "டிராகன்" விண்கலத்தில் நான்கு பேர். அவர்களில் ஒருவர் இந்திய விமானப்படையின் குரூப் காப்டன் சுபான்ஷு சுக்லா. மறுநாள் அவர் சர்வதேச விண்வெளி நிலையத்தில் காலடி வைத்தார். அந்த நிலையத்துக்குள் சென்ற முதல் இந்திய விமானப்படை வீரர் அவர்தான். நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதும்தான்.

அதே சமயம் அவருக்குப் பதிலியாக ஒருவர் பூமியிலேயே நின்றார். அவர் குரூப் காப்டன் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர். பாலக்காடு மாவட்டம் நென்மாராவைச் சேர்ந்தவர். வல்லங்கி வேலைக்கு வாணவேடிக்கை பார்க்க நாம் பஸ் ஏறிப் போகிற அதே நென்மாராதான். 1998 டிசம்பரில் விமானப்படையில் அதிகாரியானவர். பயிற்சியில் முதலிடம் பெற்றதற்கான வீரவாளைப் பெற்றவர். சுமார் 3,000 மணி நேரம் விமானம் ஓட்டியவர். புதிய விமானங்களை ஓட்டிச் சோதிப்பதும், மற்றவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் அவர் வேலை. 2024 ஆகஸ்டில் இருவர் பெயரும் சேர்ந்தே அறிவிக்கப்பட்டன. இருவரும் அமெரிக்காவில் பயிற்சி பெற்றார்கள். கடைசி நேரத்தில் சுக்லாவுக்கு ஒரு காய்ச்சல் வந்திருந்தால் போயிருக்கக்கூடியவர் நாயர்தான். காய்ச்சல் வரவில்லை. நல்லதாயிற்று. அவர் நின்றுவிட்டார்.

இந்த நின்றுபோன மனிதரை வைத்துக்கொண்டு, விண்வெளி நிலையத்துக்கு ஆள் அனுப்பும் இந்த விவகாரத்தை ஆராய்ந்து பார்ப்போம். போனவரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஆனால் இந்த முயற்சி நமக்குப் பயன்பட்டதா இல்லையா என்பதை முடிவுசெய்யப் போவது, நின்றவருடைய கதைதான்.

வானத்தில் ஒரு வீடு

முதலில் நிலையம் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். போடிமெட்டில் நின்று ஒரு கல்லை எறிந்தால் அது போடி பக்கம் சரிவில் விழும். இன்னும் வேகமாக எறிந்தால் இன்னும் தள்ளி விழும். நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில் எறிந்தால்? கல் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் உருண்டையான பூமியும் அதற்குக் கீழே வளைந்துகொண்டே போகும். கல் தரையைத் தொடவே செய்யாது. விண்வெளி நிலையம் அப்படி ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும் ஒரு பொருள்தான். உள்ளே இருப்பவர்களும் அதோடு சேர்ந்து விழுவதால்தான் மிதக்கிறார்கள். அங்கே பூமியின் இழுப்பு இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்த உயரத்திலும் பத்தில் ஒன்பது பங்கு இழுப்பு இருக்கவே செய்கிறது.

சர்வதேச நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. வேகம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர். சென்னையிலிருந்து பாலக்காட்டுக்கு நாம் ஓர் இரவு முழுக்க ரயிலில் வருகிறோம். அந்தத் தூரத்தை அது ஒன்றேகால் நிமிஷத்துக்குள் கடந்துவிடும். ஒரு நாளில் 16 முறை பூமியைச் சுற்றும். எடை சுமார் 420 டன். நீளம் அகலம் ஒரு கால்பந்து மைதானத்தளவு. அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பிய நாடுகள், ஜப்பான், கனடா ஆகியவை சேர்ந்து 1998-லிருந்து துண்டு துண்டாகக் கொண்டுபோய்க் கட்டியது. 2000 நவம்பர் 2-ம் தேதியிலிருந்து ஒரு நாள்கூட அது ஆளில்லாமல் இருந்ததில்லை. மேகமில்லாத மாலை வேளையில் மூணாறிலோ கொழிஞ்சாம்பாறையிலோ நின்று பார்த்தால், கண் சிமிட்டாத பிரகாசமான நட்சத்திரம்போல் நாலைந்து நிமிஷத்தில் வானத்தைக் கடந்து போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

அங்கே குடித்தனம் நடத்துவது சுலபமல்ல. மூச்சுக்குரிய ஆக்சிஜனைத் தண்ணீரைப் பிரித்து எடுக்கிறார்கள். வியர்வை, சிறுநீர் உள்பட நூற்றுக்கு 98 பங்கு நீரை மீண்டும் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். பாரம் சுமக்காத எலும்பும் தசையும் தேய்ந்துவிடும் என்பதால் தினம் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி கட்டாயம். போகும் தேதி தெரியும், திரும்பும் தேதி நிச்சயமில்லை என்பதும் உண்டு. 2024 ஜூனில் எட்டு நாள் வேலை என்று போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் அவர்கள் போன கலத்தில் கோளாறு ஏற்பட்டதால் 286 நாள் கழித்து, 2025 மார்ச்சில்தான் திரும்பினார்கள். பத்து நாள் வேலை என்று மேஸ்திரி சொன்னதை நம்பி வந்து, பத்து மாதம் தங்கிவிட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அவர்கள் நிலை கொஞ்சம் புரியும்.

1984-ல் நடந்தது

இதற்கு முன்பும் ஓர் இந்தியர் ஒரு விண்வெளி நிலையத்துக்குப் போயிருக்கிறார். 1984 ஏப்ரல் 3-ம் தேதி ஸ்குவாட்ரன் லீடர் ராகேஷ் சர்மா, சோவியத் யூனியனின் "சோயுஸ் டி-11" கலத்தில் ஏறி, "சல்யூட்-7" நிலையத்துக்குப் போய், ஏறக்குறைய எட்டு நாள் விண்வெளியில் இருந்துவிட்டு வந்தார். அப்போது அவருக்கும் ஒரு பதிலி இருந்தார். அவர் விங் கமாண்டர் ரவீஷ் மல்ஹோத்ரா. சர்மாவோடு சேர்ந்து ரஷ்யாவில் எல்லாப் பயிற்சியும் பெற்றவர். அவருடைய முறை கடைசிவரை வரவில்லை.

ஏன் வரவில்லை? அவரிடம் குறை ஏதும் இல்லை. நம்மிடம் சொந்த வாகனம் இல்லை, அவ்வளவுதான். 1984 பயணம் நட்பு நாடு தந்த விருந்தாளி இருக்கை. விருந்து முடிந்ததும் இலை எடுத்தாயிற்று. அடுத்த இந்தியர் நம் கொடியோடு ஒரு நிலையத்துக்குப் போக 41 வருஷம் ஆயிற்று.

2025-ல் போனதும் சொந்த வாகனத்தில் அல்ல. அமெரிக்காவின் "ஆக்ஸியம்" என்ற தனியார் நிறுவனம் ஏற்பாடு செய்த நான்காவது பயணம் அது. இன்னொரு தனியார் நிறுவனத்தின் ராக்கெட்டும் விண்கலமும். அனுபவமிக்க பெக்கி விட்சன் தலைவி, சுக்லா விமானி, மற்ற இருவர் போலந்தும் ஹங்கேரியும் அனுப்பியவர்கள். இந்த முறை விருந்து இல்லை, டிக்கெட். இருக்கை, இருவருக்கும் பயிற்சி எல்லாம் சேர்த்து நம் அரசுக்குச் செலவு சுமார் 548 கோடி ரூபாய்.

ஆகவே கேள்வி இதுதான். 1984-ஐப் போல இதுவும் ஒரு நாள் கூத்தா? அல்லது இந்தத் தடவை தொடர்ச்சி உண்டா?

பட்டாம்பி நெல் போன இடம்

சுக்லா சும்மா போய் வரவில்லை. இந்திய விஞ்ஞானிகள் தயாரித்துக் கொடுத்த ஏழு ஆராய்ச்சிகளை எடுத்துப் போனார். அவற்றில் ஒன்று நம் பக்கத்துச் சங்கதி. திருவனந்தபுரத்திலுள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகமும் கேரள விவசாயப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆறு வகை விதைகளை அனுப்பின. ஜோதி, உமா என்ற நெல் வகைகள். கனகமணி என்ற தட்டைப்பயறு. திலகதாரா என்ற எள். சூர்யா என்ற கத்தரி. வெள்ளாயணி விஜய் என்ற தக்காளி.

இவற்றில் ஜோதி, பாலக்காடு மாவட்டம் பட்டாம்பி ஆராய்ச்சி நிலையத்தில் 1974-ல் வெளியிடப்பட்ட சிவப்பரிசி நெல். கனகமணியும் பட்டாம்பிப் பயறுதான். அந்த நிலையம் 1927-ல், மலபார் சென்னை மாகாணத்தோடு இருந்த காலத்தில் ஏற்பட்டது. சித்தூர், ஆலத்தூர் வயல்களில் நாற்றுப் பறித்து நட்ட நம் பெண்களின் கைகளுக்கு ஜோதி நெல் நன்றாகத் தெரியும். அந்த நெல் 400 கிலோமீட்டர் உயரே போய்த் திரும்பியிருக்கிறது. விண்வெளிக் கதிர்வீச்சிலும் எடையில்லா நிலையிலும் இருந்துவிட்டு வந்த விதையைப் பல தலைமுறை விதைத்துப் பார்த்து, வறட்சியோ நோயோ தாங்கும் குணம் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுவார்கள். உடனே மாயம் நடக்காது. விதை ஆராய்ச்சி எப்போதுமே பொறுமைக்காரர் வேலை.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

"அதெல்லாம் சரி, 548 கோடி இருந்தால் எத்தனை வீடு கட்டலாம்?" என்று லயத்தில் இருப்பவர் கேட்டால் அது தப்பான கேள்வி அல்ல. அதைக் கேலி செய்கிறவர்கள் ஒழுகும் கூரைக்குக் கீழே படுத்தவர்கள் அல்லர்.

வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. 548 கோடியை 140 கோடி ஜனங்களுக்குப் பிரித்தால் தலைக்கு நாலு ரூபாய்கூட முழுதாக வராது. அரை டீயின் விலை. கணக்கு சரியானதுதான். ஆனால் எந்தச் செலவையும் 140 கோடியால் வகுத்தால் அற்பமாகத்தான் தெரியும். மறுபக்கமும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்குப் பத்து லட்சம் என்று வைத்துக்கொண்டால் 548 கோடிக்கு 5,480 வீடு. இடுக்கி மலையில் 5,480 குடும்பம் என்பது அற்பமல்ல. இரண்டு கணக்கும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதுதான் ஏமாற்று.

ஆனால் மூன்றாவது கணக்கு ஒன்றும் இருக்கிறது. விண்வெளிச் செலவை நிறுத்தினால் அந்தப் பணம் தானாக லயத்துக்கு வந்துவிடுமா? 1984-க்கும் 2025-க்கும் இடையே 41 வருஷம் நாம் எந்த நிலையத்துக்கும் ஆள் அனுப்பவில்லை. அந்தப் பணத்தில் லயங்கள் புதிதாகிவிட்டனவா? இல்லை. வீடு வராததற்கு ராக்கெட் காரணமல்ல; வீடு வேண்டும் என்ற முடிவு எடுக்கப்படாததே காரணம். ஆகவே "ராக்கெட்டா, வீடா" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "ராக்கெட்டில் காட்டிய அக்கறை வீட்டில் ஏன் இல்லை" என்று கேட்பதே நமக்குப் பலன் தரும்.

ஒரு கசிவும் ஒரு மலைச்சரிவும்

அந்த அக்கறையின் அளவைப் பாருங்கள். இந்தப் பயணம் பலமுறை தள்ளிப்போயிற்று. 2025 ஜூன் 11-ம் தேதி கிளம்ப இருந்ததை, ராக்கெட்டின் முதல் அடுக்கில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்ததால் நிறுத்தினார்கள். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் வி. நாராயணன் தம் குழுவினருடன் அங்கே இருந்தார். கசிவை முழுக்கச் சரிசெய்து, சோதித்துக் காட்டிய பிறகே பறக்க வேண்டும் என்று இந்தியக் குழு வற்புறுத்தியதாக அவர் பின்னர் கூறினார். பிறகு நிலையத்திலேயே ரஷ்யப் பகுதியில் ஒரு கசிவு, அதற்காகவும் காத்திருந்தார்கள். நாள் போனால் போகட்டும், ஆள் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பதே எண்ணம். ஜூலை 15-ம் தேதி நான்கு பேரும் கலிபோர்னியாக் கடலில் பத்திரமாக இறங்கினார்கள். ஓர் உயிருக்கு அவ்வளவு மதிப்பு. அது சரியான மதிப்பு.

இப்போது 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவை நினைத்துக்கொள்ளுங்கள். மூணாறு அருகே ராஜமலை, பெட்டிமுடி. கொட்டும் மழையில் மலை சரிந்து தோட்ட லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள். பலருடைய குடும்பங்கள் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து தேயிலைக்கு வந்தவை. மின்சாரமில்லை, தொலைபேசித் தொடர்பில்லை. இரவு நடந்தது மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 400 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவர் பூமியோடு நினைத்தபோது பேச முடிகிறது. மூணாறு அருகே புதைந்தவர்களின் குரல் விடியும்வரை எட்டவில்லை.

இதற்கு விஞ்ஞானம் இல்லாத குறை என்று சொல்ல முடியாது. அதே விண்வெளி நிறுவனத்தைச் சேர்ந்த ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையம், செயற்கைக்கோள் படங்களை வைத்து 2023-ல் நிலச்சரிவு வரைபட நூல் ஒன்றை வெளியிட்டது. நாட்டின் 147 மாவட்டங்களை மக்களுக்கும் உடைமைக்கும் உள்ள அபாயத்தின்படி வரிசைப்படுத்தியது. பாலக்காட்டுக்கு ஐந்தாவது இடம். இடுக்கிக்குப் பதினெட்டாவது இடம். நாம் வாழும் இரண்டு மாவட்டங்களும் பட்டியலின் மேல்பகுதியில் இருக்கின்றன. வானத்திலிருந்து பார்த்தவர்கள் பார்த்ததைச் சொல்லிவிட்டார்கள். சொன்னதைக் கேட்டுச் சரிவுக்குக் கீழே இருக்கும் லயத்தை இடம் மாற்றுவதும், மழைமானி வைப்பதும், தொலைபேசிக் கோபுரத்துக்கு மாற்று மின்சாரம் கொடுப்பதும், எச்சரிக்கையை அங்கே வாழ்பவர்களுக்குப் புரியும் தமிழிலும் சொல்வதும் தரையில் உள்ளவர்கள் பொறுப்பு.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த வரைபடத்தைத் தருவதற்கு மனிதன் விண்வெளிக்குப் போக வேண்டியதில்லை. ஆளில்லாத செயற்கைக்கோளே போதும். மழை அறிவிப்புக்கும் அப்படித்தான். அப்படியானால் ஆள் அனுப்புவது எதற்கு? ஆள் போகிறார் என்றால்தான் ஒவ்வொரு திருகாணியையும் மூன்று முறை சோதிக்கிற பழக்கம் வரும். ஆபத்தில் கலத்தைக் கழற்றிக்கொண்டு தப்பும் ஏற்பாடு, மூச்சுக் காற்று, தண்ணீர்ச் சுத்திகரிப்பு எல்லாவற்றையும் நாமே செய்யக் கற்றுக்கொள்வோம். அந்தத் திறமையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆனால் கற்றுக்கொண்டதை ஓர் இடத்தில் பூட்டிவைத்தால் பயனில்லை. அந்தப் பழக்கம் மலைச்சரிவு வரை இறங்கி வர வேண்டும்.

எல்லையின் இரு பக்கமும்

இந்த வேலை எங்கே நடக்கிறது என்பதும் நமக்கு முக்கியம். 1963 நவம்பர் 21-ம் தேதி முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா, மீனவர் கிராமம், கேரளத்தில் இருக்கிறது. ராக்கெட்டை வடிவமைக்கும் விக்ரம் சாராபாய் மையம் திருவனந்தபுரத்தில். திரவ எரிபொருள் எஞ்சின்களை உருவாக்கும் மையம் வலியமலையில். அந்த எஞ்சின்களைத் தீமூட்டிச் சோதிக்கும் இடம் மலைக்கு இந்தப்புறம், திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில். மனிதரை ஏற்றிச் செல்லத் தகுதியானதா என்று கிரயோஜெனிக் எஞ்சினைச் சோதித்து முடித்ததும் அங்கேதான், 2024 பிப்ரவரியில்.

தலைவர் நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமத்தில் தமிழ் வழியில் பள்ளியில் படித்தவர். 1984-ல், ராகேஷ் சர்மா பறந்த அதே வருஷம், விண்வெளி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். உத்தியோகக் காலத்தின் பெரும்பகுதி கேரளத்தில். நம்மைப் போலவே, பிழைப்பு ஒரு மாநிலத்தில், பேச்சு இன்னொரு மொழியில்.

முல்லைப் பெரியாறு விவகாரம் சூடேறிய 2011 டிசம்பரில் குமுளியிலும் கம்பத்திலும் என்ன நடந்தது என்பது இந்தப் பக்கத்து மக்களுக்கு மறக்காது. தண்ணீருக்காக முறைத்துக்கொண்ட அதே இரண்டு மாநிலத்தார், மலைக்கு அந்தப்புறம் வடிவமைத்து இந்தப்புறம் சோதித்து ஒரு எஞ்சினைச் செய்து முடித்தார்கள். சேர்ந்து வேலை செய்ய முடியாது என்று யாரும் இனிச் சொல்ல வேண்டாம்.

இனிப் பார்க்க வேண்டியது

தொடர்ச்சி உண்டா என்ற கேள்விக்கு வருவோம். சொந்த ராக்கெட்டில், சொந்தக் கலத்தில், மூன்று பேர் வரை அனுப்பும் "ககன்யான்" திட்டம் 2018-ல் அறிவிக்கப்பட்டது. 2022-க்குள் என்றார்கள். அது நடக்கவில்லை. 2025-ல் அரசு சொன்ன கணக்குப்படி ஆள் போவது 2027-ல். அதற்கு முன் ஆளில்லாத கலங்களும், "வியோமமித்ரா" என்ற எந்திரப் பெண்ணும் போய்வர வேண்டும். நாலு வீரர்களின் பெயரை 2024 பிப்ரவரி 27-ம் தேதி திருவனந்தபுரத்தில் பிரதமர் அறிவித்தார்: பிரசாந்த் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா.

2024 செப்டம்பரில் மத்திய மந்திரிசபை இந்தத் திட்டத்தை விரிவாக்கி மொத்தச் செலவை 20,193 கோடி ரூபாயாக்கியது. இந்தியாவின் சொந்த விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியை 2028-ல் ஏற்றுவது, 2035-ல் நிலையத்தை முடிப்பது என்பது குறிக்கோள். நிலையம் கட்டுவதற்கு இரண்டு கலங்களை வானத்தில் ஒன்றோடொன்று பூட்டத் தெரிய வேண்டும். அதை 2025 ஜனவரி 16-ம் தேதி செய்து காட்டி, அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்த நான்காவது நாடானோம். சர்வதேச நிலையத்தையோ 2030-க்குப் பிறகு கடலில் இறக்கிவிடப் போகிறார்கள். சீனாவுக்குச் சொந்த நிலையம் இருக்கிறது. ஆகவே டிக்கெட் வாங்கிப் போகும் வழி நீண்ட நாள் இருக்காது.

1984-ல் இவை எதுவும் இல்லை, இன்று இருக்கின்றன. இந்த வித்தியாசம் உண்மையானது. ஆனால் தேதி தவறுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அவசரத்தில் உயிரைப் பணயம் வைப்பதைவிடத் தேதி தவறுவது மேல். ஆனால் தவறிக்கொண்டே போவது மேலல்ல.

சுருக்கமான அளவுகோல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. ரவீஷ் மல்ஹோத்ராவின் முறை வரவில்லை. ஏனென்றால் நமக்கு வண்டி இல்லை. நென்மாராக்காரரின் முறையோ நாம் செய்து முடிக்கும் வண்டியைப் பொறுத்தது. அவரோ, அவரோடு காத்திருக்கும் மற்றவர்களோ, நம் ராக்கெட்டில் ஏறிப் போய்ப் பத்திரமாகத் திரும்பும் நாளில் 548 கோடி வீண் போகவில்லை என்று எழுதிக்கொள்ளலாம்.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கணக்கையும் எழுதிவைக்க வேண்டும். சரிவுக்குக் கீழே இன்னும் எத்தனை லயங்கள்? அவர்களும் காத்திருக்கிறார்கள். பெட்டிமுடிக்குப் பிறகு ஒவ்வோர் ஆடி மழையிலும் விழித்துக்கொண்டே படுக்கிறவர்கள் அவர்கள். அவர்களுடைய முறை எப்போது என்று கேட்பது விண்வெளிக்கு எதிரான பேச்சல்ல. ஒரு கசிவுக்காக ராக்கெட்டை நிறுத்திய அதே புத்தியை மலையிலும் காட்டுங்கள் என்பதே அந்தப் பேச்சு.